சாவி விழுந்த காலை

பரீட்சைக்கு முன் இரும்பைத் தொட்டால் ராசி என்பது எங்கள் நேபிள்ஸ்காரர்களின் நம்பிக்கை. சிறார் சிறையில் பாடம் நடத்தும் நான், ஆறு மாணவிகளும் தொடட்டும் என்று வகுப்பறைச் சாவியை நீட்டினேன். நீட்டியதோடு நிற்காமல் விரலில் சுழற்றியும் காட்டினேன். அது ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே பறந்து, சிறைச் சுவருக்குக் கீழே இருந்த கடலில் விழுந்தது. கதவோ பூட்டியிருந்தது.

ஒன்பது மணிக்கு அடுத்த அறையில் இறுதித் தேர்வு. தேறினால் அறுவரில் ஒருத்தியான அசுந்தாவுக்கு அடுத்த வாரமே விடுதலை, பேக்கரியில் வேலை.

வெளியிலிருந்து தேர்வுக் குழுத் தலைவியின் குரல் கேட்டது. "பத்து நிமிஷம்தான் சார். விட்டா செப்டம்பர்லதான் பரீட்சை!"

"மாற்றுச் சாவிக்குக் காவலர் போயிருக்கார் மேடம்!"

"அவர் காபி குடிச்சுட்டு நிக்கறார்!"

பூட்டுடைத்துப் பிடிபட்டவள் அசுந்தா. அவள் காதில் கிசுகிசுத்தேன். "உனக்குத் திறக்கத் தெரியுமேம்மா?"

"அதை விட்டு எட்டு மாசம் ஆச்சு சார். நீங்களே கெடுக்காதீங்க. இங்கயும் பூட்டைத் திறந்தேன்னு தெரிஞ்சா பேக்கரிக்காரர் என்னைச் சேர்த்துப்பாரா?"

"வேற யாருக்காவது தெரியுமா?"

மற்ற ஐந்து பேரும் கூரையை ஆராய்ந்தார்கள்.

திடீரென்று 'க்ளிக்'! கதவு திறந்தது. தலைவியின் கையில் வளைந்த கொண்டை ஊசி. நரைத்த கூந்தல் தோளில் சரிந்து கிடந்தது.

"ஓடுங்கடி, ரெண்டு நிமிஷம் இருக்கு!"

கூச்சலோடு ஆறு பேரும் பாய்ந்தார்கள்.

"மேடம், இதை எங்கே கத்துக்கிட்டீங்க?"

"இங்கதான் சார். பதினாறு வயசுல ரெண்டு வருஷம் உள்ளே இருந்தேன்."