பட்டன் டப்பாவில் குடியிருந்த பென் டிரைவ்

ஒரு தையல் கடையில், பட்டன் டப்பாவுக்குள் பென் டிரைவ் ஒன்று குடியிருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் கடைக்காரம்மா செண்பகவல்லி அதைக் கம்ப்யூட்டரில் செருகி, வாடிக்கைக்காரர்களின் அளவுகளையெல்லாம் நகலெடுத்து வைப்பாள்.

“வாராவாரம் வந்து என் காதைக் குடையுறியே, உனக்கு வேற வேலையே இல்லையா?” என்று கம்ப்யூட்டர் கேலி பேசும். “முந்நூறு பேர் அளவும் என் தலைக்குள்ள பத்திரமா இருக்கு.”

“இருந்தாலும் மனசு கேக்கலைப்பா” என்று பென் டிரைவ் முனகும்.

ஆயுத பூஜை வந்தது. செண்பகவல்லி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து மாவிலையால் தீர்த்தம் தெளித்தாள். கம்ப்யூட்டர் மேல் அவளுக்குத் தனிப் பிரியம். அதற்கு மட்டும் மூன்று தடவை தெளித்தாள்.

கம்ப்யூட்டர் ‘டப்’பென்று அணைந்தது.

“ஐயோ! அடுத்த வாரம் முகூர்த்தம். பதினெட்டு கல்யாண ரவிக்கையோட அளவு அதுலதானே இருக்கு!” என்று அவள், பதற்றத்தில் பென் டிரைவை மறந்து, தலையில் கைவைத்தாள்.

“நான் இருக்கேன், நான் இருக்கேன்!” என்று பென் டிரைவ் குதித்த குதியில் பட்டன்களெல்லாம் கலகலத்தன. சத்தம் கேட்டு அவள் டப்பாவைத் திறந்தாள். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் செருகிப் பார்த்தால், ஓர் அளவுகூடக் குறையவில்லை. பூரித்துப்போய் பென் டிரைவையும் பூஜையில் வைத்தாள்.

“பொட்டு மட்டும் போதும் தாயே, தீர்த்தம் வேண்டாம்!” என்று அது அலறியது.

பழுது பார்த்து வந்த கம்ப்யூட்டர், அடுத்த வெள்ளிக்கிழமை விடிந்ததுமே பட்டன் டப்பாவைப் பார்த்துப் பென் டிரைவுக்குக் குரல் கொடுத்தது.

“அக்கா, இன்னும் காணோமே! எனக்குக் காது அரிக்குது.”