வேலிக்கு இந்தப் பக்கத்து ஆண் மரம்

இண்டியானாவின் அக்டோபர் வெயிலில் என் நாத்தனார் லோரீன், வேலிக்கு அந்தப் பக்கம் உதிர்ந்து கிடக்கும், சின்னத் தக்காளி போன்ற பெர்சிமன் பழங்களை வாளியில் பொறுக்கிப் போடுகிறாள். ஒவ்வொன்றும் சொத்தென்று விழுவது என் காதில்தான் விழுகிறது. ஒரே பழத்தின் விதைகளை ஈரப்பாசியில் பொதிந்து, குளிர்பட்டால்தான் முளைக்கும் என்று குளிர்காலம் முழுக்க ஒரே ஃபிரிட்ஜில் வைத்து, ஆளுக்கொன்றாக நட்டோம். பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் அவளுடையது பெண் மரம், என்னுடையது ஆண். பூக்கும், காய்க்காது. "வெட்டிடுங்க அண்ணி, விறகாவது ஆகும்" என்கிறாள், நிமிராமலே. "வெட்டிடறேன். இந்தச் சுத்துவட்டாரத்துல வேற ஆண் மரமே இல்ல. அப்புறம் உன் மரம் எப்படிக் காய்க்குதுன்னு பாக்கறேன்" என்கிறேன். அவள் கை அந்தரத்தில் நிற்கிறது. பிறகு மெல்ல எழுந்து, வாளியை வேலிமேல் தூக்கித் தருகிறாள். வாங்கிக்கொள்கிறேன். நல்ல கனம். அத்தனையும் அவள் மரத்துப் பழம்.