இங்கே திட்டப்படும்

“எருமை, மழையில நனைஞ்சுக்கிட்டு வந்து நிக்கிற. விரிச்சா உன் குடை தேஞ்சா போயிடும்?”

வங்கி மேலாளர் தலைகுனிந்து, மனம் குளிர வாங்கிக்கொண்டு, கட்டணத்தை வைத்துவிட்டுப் போனார்.

எண்பதைத் தாண்டிய வாய்க்காரம்மா வீட்டின் முன்னறையில் நடத்திய தொழில் இது. இரண்டு நாற்காலி, ஒரு பலகை, அதில் ‘இங்கே திட்டப்படும்.’ திட்ட ஆளில்லாமல் தொண்டை துருப்பிடித்துவிடும் போலிருந்ததாம், தொடங்கிவிட்டார்.

தாயை இழந்தவர்கள், பிழைக்க வந்த இடத்தில் தனியாக இருப்பவர்கள், எல்லாரும் மரியாதை குறையாமலே பேசுகிற பெரிய மனிதர்கள் என்று கூட்டம் தெருமுனை வரை நின்றது. ஒரு நீதிபதி, திட்டு போதவில்லை என்று மறுபடியும் வரிசையில் போய் நின்றார். அடி மட்டும் கிடையாது. அதற்குத் தோள் ஒத்துழைக்கவில்லை.

அடுத்து வந்தவர் வாரம் தவறாமல் வருகிறவர். நரைத்த மீசை, பொத்தான் மாற்றிப் போட்ட சட்டை.

“வாங்க, உக்காருங்க” என்றார் வாய்க்காரம்மா.

அவர் முகம் தொங்கிப் போனது. காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று சொல்லிப் பார்த்தார். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் வாய்க்காரம்மா. மாத்திரையையும் நிறுத்திவிட்டதாக வந்தவர் சொன்னார். அதற்கும், டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று பன்னீர் தெளித்ததுபோல் ஒரு பதில்.

“ஊருக்கெல்லாம் உண்டு. எனக்கு மட்டும் இல்லையா?”

வாய்க்காரம்மாவின் கை அந்தப் பொத்தான் பக்கம் போய், பாதியில் திரும்பி, துடைத்த மேசையையே மறுபடி துடைத்தது.

“அவங்க கேட்டு வாங்குறாங்க. நீங்க, இனிமே திட்டு வேண்டாம்னு நாலு பேர் முன்னாடி சொன்னவங்க.”

“வேண்டாம்னு சொன்ன வாய்தான் இப்ப கேக்குது.”

மேசைத் துணியை வீசி எறிந்தார் வாய்க்காரம்மா. பிறகு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

“வாய் திறந்து கேக்க இத்தனை நாளாடா உனக்கு? தடிமாடு, தலை நரைச்சும் பொத்தானை ஒழுங்காப் போடத் தெரியல. மாத்திரையை நிறுத்தினாராம், பெரிய மேதாவி. கிட்ட வாடா.”

அவர் கன்னம் நனைய எழுந்து வந்து, வாசல் கதவைப் பாதி சாத்தியபடி, பொறாமையோடு எட்டிப் பார்த்த வரிசையிடம் சொன்னார்:

“எல்லாரும் நாளைக்கு வாங்க. எங்கம்மா எனக்குப் பல வருஷத் திட்டு பாக்கி வச்சிருக்காங்க.”