எண்பது பொட்டலம்

ஹம்சினி தட்டைத் தூக்கிக்கொண்டு கல்லாவுக்கே வந்துவிட்டாள்.

இரண்டு இட்லியும் அப்படியே இருந்தன. ஒன்றில் மட்டும் ஓரம் விண்டிருந்தது.

“மாமா, சட்னி ஊச ஆரம்பிச்சிருக்கு,” என்றாள், பக்கத்து மேஜைக்குக் கேட்காத குரலில். “எனக்குப் பணம் வேண்டாம். பில் கொடுத்தாச்சு. வாசல்ல வேன்ல பொட்டலம் ஏத்தறாளே, குழந்தைகளுக்குப் போறதுன்னு ஏழுமலை சொன்னான். அதுலயும் இதே சட்னியா?”

அதே சட்னிதான். கல்கத்தாவின் அந்தக் கோடியில், பெஹாலாவில் ஒரு பள்ளிக்கூடத்தின் சுதந்திரப் பொன்விழாவுக்கு எண்பது பொட்டலம் இட்லி. கொடியேற்றம் முடிந்ததும் கொடுப்பார்கள். விடிவதற்குள் கட்டி முடிக்க வேண்டும் என்று சட்னியை முந்தின இரவே அரைத்திருந்தார்கள். நடுவில் மூன்று மணி நேரம் லோட்ஷெட்டிங். ஃபிரிட்ஜ் ஓடவில்லை.

அது மேனேஜர் பட்டாபிராமனுக்கும் தெரியும்.

அவர் தட்டை வாங்கிக்கொண்டார்.

பவானிபூரில் அந்த ஹோட்டலுக்கு வழக்கமாக வருகிறவர்களுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். இரண்டு மேஜைகளில் பேச்சு நின்றது.

முன்பெல்லாம் வாரத்துக்கு நான்கு புகார் வரும். முக்கால் தோசை உள்ளே போன பிறகு முடி கிடைக்கும். ஒருவர் சட்டைப்பையில் தீப்பெட்டி வைத்திருந்தார். தீப்பெட்டிக்குள் செத்த ஈ. கத்துகிறவர்களுக்கெல்லாம் முதலாளி சீதாராமன் பணத்தைத் திருப்பிக் கொடுத்துக் கும்பிட்டு அனுப்புவார்.

பட்டாபிராமன் கல்லாவில் உட்கார்ந்த பிறகு அது மாறியது.

அவர் அந்த ஈயைச் சாம்பாரிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தார். மீதி சாம்பாரை எல்லாரும் பார்க்க நின்றபடியே குடித்தார். “பிரமாதமா இருக்கே சார்,” என்றார். ஹோட்டலே சிரித்தது. தீப்பெட்டிக்காரர் அப்புறம் வரவில்லை.

அன்றிலிருந்து யார் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் அவர் சாப்பிட்டுக் காட்டுவார். சர்வர்கள் அவருக்கு ஹைகோர்ட் என்று பெயர் வைத்தார்கள்.

ஹம்சினி இதையெல்லாம் பார்த்திருக்கிறாள். எட்டு வருடமாக லீவு நாட்களில் அவளுக்கு டிபன் அங்கேதான். ஒரு நாளும் எதையும் குறை சொன்னதில்லை.

பட்டாபிராமன் ஒரு ஸ்பூன் சட்னியை வாயில் போட்டார். வழக்கத்தைவிட அதிக நேரம் வைத்திருந்தார்.

அவள் தீப்பெட்டி எதுவும் கொண்டுவரவில்லை. கத்தவில்லை. பணமும் கேட்கவில்லை.

அவர் விழுங்கினார்.

“நன்னாத்தானே இருக்கு,” என்றார்.

“பில்லு கட்டிட்டு சண்டைக்கு வர்ற ஆளை இப்பத்தான்பா பாக்கறேன்,” என்று சொல்லிக்கொண்டே சர்வர் ஏழுமலை தண்ணீர் ஜக்கோடு கடந்து போனான். யாரோ சிரித்தார்கள்.

ஹம்சினி கைப்பையின் வாரை இழுத்துச் சரி செய்துகொண்டாள். “நீங்க சொன்னா சரி மாமா. என் நாக்குதான் சரியில்லையோ என்னவோ.”

வேன்காரன் பின்கதவைச் சாத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தான். “தாதா, ஜாபோ?”

அண்ணா, கிளம்பட்டுமா என்று கேட்கிறான். பட்டாபிராமன் வேனைப் பார்த்தார். நிறுத்தச் சொல்ல ஒரு வார்த்தை போதும். ஏன் என்று கேட்டால் ஒரு பதில் வேண்டும்.

“ஜாவ்,” என்றார்.

வேன் கிளம்பியது. ஹம்சினி படியில் நின்று, அது திருப்பத்தில் மறையும்வரை பார்த்துவிட்டு, மெட்ரோவுக்கு நடந்தாள்.

அவர் அவளுடைய தட்டோடு ஸ்டோர் ரூமுக்குள் போனார். மிச்சச் சட்னியை வழித்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஜாடியிலிருந்து ஒரு சிட்டிகை கல்லுப்பு. பிறகு நெல்லிக்காய் அளவு புளி. கடைசியில் ஒரு பச்சை மிளகாயை முழுசாகக் கடித்தார்.

எரிந்தது. அவ்வளவுதான்.

ஐந்து வருடத்துக்கு முன் டைபாய்டில் கிடந்து எழுந்தபோதும் இப்படித்தான் இருந்தது. ருசியும் வாசனையும் அதன் பிறகு திரும்பவே இல்லை. சர்க்கரைக்குப் பதில் உப்பு விழுந்த காபியை அவர் ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்த அன்று, மனைவி காமு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். முதலாளிக்குத் தெரியக்கூடாது என்று சொன்னதும் அவள்தான். ஐம்பத்திரண்டு வயதில், ருசி தெரியாதவனை எந்த ஹோட்டலில் வைத்துக்கொள்வார்கள்.

இத்தனை நாளும் வந்தவர்கள் பொய் சொன்னார்கள். அதனால் அவர் சொன்ன பொய் உண்மையாகவே இருந்துவந்தது.

அங்கேயே டெலிபோன் பக்கத்தில் ஆர்டர் நோட்டு திறந்து கிடந்தது. பள்ளிக்கூடத்தின் நம்பர் அதில் இருந்தது. அவர் ரிசீவரை எடுத்து நான்கு எண்கள் வரை சுழற்றினார்.

“பட்டாபி,” என்று முன்னாலிருந்து சீதாராமன் கூப்பிட்டார். “இங்க ஒருத்தர் வடையில பல்லி வால்ங்கறார். சித்த வாங்கோ.”

அவர் ரிசீவரை வைத்தார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு முன்னால் போனார்.

எல்லாரும் சிரிக்கத் தயாராகத் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள்.