கேரட் தூங்கும் காட்சி

எத்திராஜ் விடிய விடிய சந்தையில் காய்கறி மூட்டை இறக்கிவிட்டு, பகலில் டிவி ஸ்டுடியோவில் கேரட்டாக நிற்பார். பஞ்சு அடைத்துத் தைத்த உடுப்பு. வாய் இருக்கும் இடத்தில் வலைத்துணி. பார்ப்பதும் மூச்சு விடுவதும் அதன் வழியாகத்தான். குழந்தைகளோடு குதிப்பார், பந்து உதைப்பார். இன்றைக்கு, நன்றாகத் தூங்க வேண்டும் என்று சொல்லித்தரும் பகுதி.

“சும்மா படுத்து நடி. மணி அடிச்சதும் துள்ளி எழுந்திரிக்கணும்,” என்றார் டைரக்டர். “நெஜமாவே தூங்கினே, போன வாரம் தக்காளியா நின்னவனை வேலையை விட்டு அனுப்பின மாதிரி உன்னையும் அனுப்பிருவேன்.”

மெத்தையில் சாய்ந்ததும் விளக்குச் சூடு போர்வைபோல் இறங்கியது. தூக்கம் வராமலிருக்க எத்திராஜ் நாக்கைக் கடித்துக்கொண்டார். தன் குறட்டை தன் காதிலேயே விழுந்து கண் திறந்தபோது, மணி வைத்திருந்த சிறுமி வலைத்துணிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ம், அடி பாப்பா,” என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

அவள் நன்றாகத்தான் ஆட்டினாள். சத்தம் வரவில்லை. மணியின் நாக்கை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“என்னம்மா ஆச்சு?”

“கேரட்டுக்கு இன்னும் விடியலை, அங்கிள்.”

டைரக்டரின் செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது. எத்திராஜ் துள்ளி எழுந்தார். எழுந்துவிட்டதாகத்தான் உள்ளே அவருக்குத் தோன்றியது; வெளியே கேரட் மெத்தையிலேயே குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.