சின்னது வராத நாள்

ஃபேக்டரி பெல்ட்டில் வாஷிங் மெஷின்கள் வரிசையாக நகர்ந்து வருகின்றன. ஒரு பெரியதுக்குப் பின் இரண்டு சின்னது வருவதுதான் வழக்கம். சின்னதுக்கு ஸ்க்ரூ குறைவு. அந்த மூச்சுவிடும் நேரத்தில்தான் மெஷினுக்குக் கதவு மாட்டுகிறவள் தண்ணீர் குடிப்பாள். ஸ்டாக் வைப்பது வீண்செலவாம், கதவுகள் அன்றன்றைக்கு லாரியில் வரும். இன்று சின்னக் கதவு வரவில்லை. காலையிலிருந்து பெரியதாகவே வருகிறது. டியூப்லைட் வெளிச்சத்தில் அவள் புறங்கை வியர்வை மின்னுகிறது. காலடியில் பாட்டில் திறக்காமலே நிற்கிறது. வரிசையைத் தீர்மானிக்கிற சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நிற்கிறார். “லாரி வந்துடுச்சா சார்?” “வந்துடுச்சும்மா. ஆனா நீதான் பெருசையே விடாம சமாளிச்சுட்டியே. மேல எல்லாருக்கும் சந்தோஷம். நாளையிலேருந்து சின்னதை வேற லைனுக்கு மாத்திடறோம்.” அவள் பாட்டிலைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, அடுத்த பெரிய கதவைத் தூக்குகிறாள்.