சர்வரில் மூன்று வரி

"சுஹறா, இதென்ன குப்பை?"

கோழிக்கோட்டில் ஒரு டயாலிசிஸ் மையத்தின் இணையதளத்தை நாங்கள் இருவர்தான் பார்த்துக்கொள்கிறோம். நேரம் பதிவு செய்யும் பக்கம் பைத்தான் மொழியில் எழுதியது. முகவரியின் கடைசியில் 'புக்கிங்' என்று போட்டு வருபவர்களை சர்வர் அங்கே அனுப்பும். ஆனால் 'டிரையல்' என்று போட்டு வந்தாலும் அங்கேயே அனுப்பச் சொல்லி மூன்று வரிகள் கிடந்தன. சோதனைக்காக வைத்திருந்த பாதை. இரண்டு வருடம் முன்பே எடுத்திருக்க வேண்டும்.

அதற்கு மேலே ஒரு குறிப்பு: 'என் தப்பு. எடுக்க வேண்டாம். சுஹறா.'

"தப்புன்னு தெரிஞ்சே ரெண்டு வருஷமா வெச்சிருக்கே. உன் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கலாமான்னு இன்னிக்கு நான் எழுதிக் கொடுக்கணும். என்னன்னு எழுத?"

"இருந்துட்டுப் போகட்டும் பிரேமேட்டா. அது யாரைக் கடிச்சுது?"

"ஒரு வீட்டுக்கு எத்தனை வாசல் வைப்பே?"

அவசரப்படுகிறேனோ என்று ஒரு கணம் தோன்றியது. இருந்தும் அந்த வரிகளை எடுத்துவிட்டேன்.

குடித்துக்கொண்டிருந்த சாயா ஆறுவதற்குள் போன் அடித்தது. ஃபரோக்கிலிருந்து ஒரு பெண். "அப்படி ஒரு பக்கமே இல்லன்னு வருது சாரே. நாளைக்கு எங்க உப்பாவுக்கு டயாலிசிஸ்."

அடுத்தது வடகரையிலிருந்து. அடுத்தது குற்றியாடி.

சுஹறா மூன்று வரிகளையும் திரும்பச் சேர்த்தாள். போன் ஓய்ந்தது.

"நோயாளிங்களுக்குக் கொடுத்த அட்டையில அந்த 'டிரையல்' பாதைதான் அச்சாகியிருக்கு," என்றாள்.

"எத்தனை அட்டை?"

"எண்ணூறு."

"நல்லா இருக்கு. அச்சுக்குக் கொடுக்கறப்போ கண்ணு எங்க இருந்துது? பிரியாணியிலயா?"

"என் தப்புன்னுதான் எழுதியிருக்கேனே."

எனக்கு அது போதவில்லை. எழுதிக் கொடுக்க ஆதாரம் வேண்டாமா? அச்சகக்காரர் கோயாவைப் போனில் பிடித்தேன்.

"பிரஸ்ஸுக்கெல்லாம் எதுக்கு பிரேமேட்டா? வேணாம்." அவள் குரல் முதல்முறையாக மாறியது. பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

"கோயா இக்கா, அந்த அட்டைக்கு புரூஃப் பார்த்தது யாரு?"

"ஃபைல்ல இருக்கு, படம் எடுத்து அனுப்பறேன். அப்பவே அந்த சுஹறாப் பொண்ணு ஓடி வந்துச்சு. அதுக்குள்ள அடிச்சு முடிச்சாச்சு. யார்கிட்டயும் சொல்லாதீங்க, சர்வர்லயே சரி பண்ணிக்கறேன்னு சொல்லிட்டுப் போச்சு."

படம் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன்.

'சரி, அச்சிடலாம்' என்பதற்குக் கீழே இருந்தது என் கையெழுத்து.